கிட்டாரிலிருந்து இசைக்குழுத் தலைமை வரை: கன்ட்ரி பாடகராக விரும்புவோருக்கு

அமெரிக்காவின் கன்ட்ரி இசையை நம் நாட்டுப்புறப் பாடலோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஊர் மக்கள் வழிவழியாகப் பாடி வந்ததிலிருந்து அது கிளைத்தது உண்மைதான் என்றாலும், 1920களிலேயே இசைத்தட்டும் வானொலியும் அதைத் தொழிலாக்கிவிட்டன. அத்தொழிலில், தாமே பாட்டெழுதித் தாமே பாடும் ஒருவர் இசைக்குழுவின் தலைமைக்கு வருவது எப்படி என்று அறிய, டெக்சஸின் ஆபட் என்னும் சிற்றூரில் 1933-இல் பிறந்த கன்ட்ரி பாடகரும் பாடலாசிரியருமான வில்லி நெல்சனின் வாழ்க்கையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். தாத்தா பாட்டியிடம் வளர்ந்த அவருக்கு ஆறு வயதில் கிட்டார் கிடைத்தது.

குழந்தைக்கு முதலில் வாங்கும் கிட்டார் முக்கால் அளவில் இருப்பது நல்லது. கன்ட்ரிக்கு எஃகுத் தந்தியே வழக்கமானது; ஆனால் பிஞ்சு விரல்கள் வலித்து, ஒரே மாதத்தில் கிட்டார் மூலைக்குப் போய்விடுமானால் நைலான் தந்தியே மேல். (நெல்சன் 1969 முதல் விடாமல் வாசித்து, மேற்பலகையில் ஓட்டை விழுந்துவிட்ட அந்தப் புகழ்பெற்ற மார்ட்டின் கிட்டாரும் நைலான் தந்திக் கருவிதான்.) ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகளும் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடிகள்), அடித்தந்தியை ஒருமுறை தட்டி மற்றத் தந்திகளை ஒருமுறை வருடும் வலக்கைத் தாளமும் கைவந்தால் எண்ணற்ற பாடல்களைப் பாடிவிடலாம். வாசித்துக்கொண்டே பாடுவதை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். விரல் பழகிய பிறகு பாடலாம் என்று தள்ளிப்போட்டால் இரண்டையும் இணைப்பது பின்னர் கடினமாகிவிடுகிறது. குரலுக்குச் சுருதி ஒத்துவராதபோது கேப்போவை, அதாவது கிட்டாரின் கழுத்தில் மாட்டித் தந்திகளை ஒருசேர அழுத்தும் கவ்வியை, பயன்படுத்துவதில் வெட்கமில்லை. இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) அதை மாட்டினால், ஜி வடிவத்தைப் பிடிக்கும் கை ஏ கார்டை ஒலிக்கும்.

பாட்டெழுதுவதுதான் இப்பாதையின் முதுகெலும்பு என்பது என் எண்ணம். கன்ட்ரி பாடலில் மெட்டு எளிமையாக இருப்பதால், கேட்பவரின் கவனம் முழுவதும் சொல்லின் மேல் விழுகிறது. ஆகவே "துயரம்" என்று எழுதுவதைவிட, துயரப்பட்டவர் கழுவாமல் விட்ட காப்பிக் கோப்பையை எழுதுவதே பலன் தரும். பல்லவியின் கடைசி வரியை முதலில் முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு சரணமும் அதே வரிக்கு வேறொரு பொருளைத் தரும்படி பின்னோக்கி எழுதிப் பாருங்கள்.

எழுதியதை விற்றுவிடாதீர்கள். வறுமையில் இருந்த நெல்சன் தம் பாடல் ஒன்றை 50 டாலருக்குக் கைமாற்றினார். வேறொருவர் குரலில் 1960-இல் அது வெற்றி பெற்றபோது எழுதியவர்கள் வரிசையில் அவர் பெயர் இல்லை. அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒரு பாடலை ஒலிபரப்பும்போது அதை எழுதியவருக்குத்தான் உரிமைத்தொகை செல்கிறதே தவிர, பாடியவருக்கு அல்ல என்பதை அறிந்தால் இந்த இழப்பின் அளவு புரியும். பிஎம்ஐ, ஆஸ்காப் போன்ற அமைப்புகள் அத்தொகையைத் திரட்டித் தருகின்றன. இருவர் சேர்ந்து எழுதினால் பங்கை அன்றே எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது மேடை. கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரில் 1982-இல் தொடங்கப்பட்ட புளூபேர்ட் கஃபேயில் ஏறத்தாழ 90 இருக்கைகளே உண்டு. பாட்டெழுதுவோர் கூடத்தின் நடுவே வட்டமாக அமர்ந்து முறைவைத்துப் பாட, பேச்சுக் கொடுக்காமல் கேட்பதே அங்கே விதி. அவ்வாறான சிறிய அரங்கில் கிட்டாருடன் தனியாக நின்று கேட்போரை ஈர்க்காத பாடலை, ஐந்து பேர் கொண்ட குழுவாலும் காப்பாற்ற முடியாது.

குழுவை நடத்தும் முன் பிறர் குழுவில் வாசித்துப் பழக வேண்டும். நெல்சன் பத்து வயதளவில் உள்ளூர் போல்கா (ஐரோப்பிய நடன இசை) குழுவில் வாசித்தார். நாஷ்வில்லுக்கு வந்தபின் கன்ட்ரி பாடகர் ரே பிரைஸின் குழுவில் பேஸ் கிட்டார் கலைஞராகப் பயணம் செய்தார். பிறர் தலைமையில் நிற்கும்போதுதான் ஒத்திகைக்கு முன்பே கார்டுத் தாள் கையில் இருப்பதன் அருமை தெரியும். நாஷ்வில் கலைஞர்கள் இதற்கு, கார்டின் பெயருக்குப் பதிலாக ஸ்வர வரிசையில் அதன் இடத்தை எழுதும் எண்முறையைக் கையாள்கிறார்கள்: ஜி சுருதியில் ஜி 1, சி 4, டி 5. சுருதி மாறினாலும் ஸட்ஜம் ஸட்ஜமாகவே இருப்பதுபோல, பாடகர் கடைசி நிமிடத்தில் சுருதியை ஏற்றினாலும் தாளில் ஓர் எழுத்தும் மாறாது. மேடையில் இரைச்சலுக்கிடையே தலைவர் நான்கு விரலைக் காட்டினால் அனைவரும் 4-க்குப் போய்விடுவார்கள்.

பேஸ், ட்ரம்ஸ், டெலிகாஸ்டர் என்னும் மின் கிட்டார், பெடல் ஸ்டீல் (மிதிகளால் சுருதி மாற்றும் படுக்கை கிட்டார்), ஃபிடில் (வயலின்) என்பது வழக்கமான அமைப்பு. ஆனால் தலைவர் தம் பாடலுக்கு எது தேவையோ அதையே சேர்க்க வேண்டும். 1970களில் டெக்சஸுக்குத் திரும்பிய நெல்சன், அக்கா பாபியின் பியானோ, பால் இங்கிலிஷின் ட்ரம்ஸ், மிக்கி ரஃபேலின் மவுத் ஆர்கன் ஆகியவற்றைச் சுற்றித் தம் குழுவை அமைத்தார். சொல் கேட்பதற்கு இடம்விட்ட அமைப்பு அது. அவர் தாளத்துக்கு முன்னும் பின்னுமாக நழுவிப் பாடுபவர் என்பதால், குழு அசையாமல் நின்றாக வேண்டியிருந்தது. உங்கள் பாடும் முறையும் அப்படியானதென்றால், பாடகர் பின்தங்கும்போது அவருக்காக வேகத்தைக் குறைக்கக் கூடாது என்று ட்ரம்ஸ் கலைஞரிடம் முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்.