நாற்காலியில் தொடங்கும் தசைப் பயிற்சி: புதியவர்களுக்கான செய்முறை

30 வயதைக் கடந்த உடலில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. 60க்குப் பிறகு அந்தத் தேய்வு வேகமெடுக்கிறது. 1989இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் இதற்குச் ‘சார்கோபீனியா’ என்று பெயரிட்டார். மாடிப்படியில் கை தானாகவே கைப்பிடியைத் தேடும் வரை பலரும் இதை உணர்வதில்லை என்பதால், வலு இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

முதலில் அளவு எடுக்க வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணித் தேதியோடு எழுதி வையுங்கள்.

அடுத்து, நாற்காலியிலிருந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், ரப்பர் பட்டையை இழுத்தல், குதிகால் உயர்த்துதல் ஆகிய நான்கையும் 8 முதல் 12 முறை வீதம் இரண்டு சுற்று செய்யுங்கள். வாரத்திற்குக் குறைந்தது இரண்டு நாள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

மூன்றாவதான சுமை கூட்டுதலில்தான் நான் நான்கு மாதங்களை இழந்தேன். ஒரு நாளும் தவறாமல் செய்தும் என் 30 விநாடிக் கணக்கு அசையவில்லை. குறிப்பேட்டைப் புரட்டியபோது பக்கத்துக்குப் பக்கம் அதே ‘12, 12’ இருந்தது. பழகிவிட்ட சுமைக்காகத் தசை வளர்வதில்லை. கடைசி இரண்டு முறை கடினமாகவும், அதே வேளையில் நிலை குலையாமலும் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பிழை, எழுவதில் மட்டும் கவனம் வைத்து, அமரும்போது பொத்தென்று விழுந்தது. மனத்துக்குள் மூன்று எண்ணியபடி மெல்ல இறங்கிப் பாருங்கள். தொடையின் முன்பக்கம் நடுங்கத் தொடங்கும் அந்த இடத்தில்தான் உண்மையான வேலை நடக்கிறது. 12 முறை எளிதாகிவிட்டால் மார்போடு ஒரு எடையை அணைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பட்டை இழுக்க இழுக்க இறுகுவதால் சுமை இவ்வளவு என்று கணக்கு வைக்க இயலாது. ஆகவே மற்றவற்றுக்கு எடை மாற்றக்கூடிய டம்பெல்லையே பரிந்துரைப்பேன். கணக்கு எழுத, செயலியைவிடத் தாளும் பேனாவும் மேல்.

முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம், அதாவது 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம், நாள் முழுவதும் பிரித்து உண்ண வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை: எழும்போது முழங்கால் வலிப்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு இருக்கையை உயர்த்தி, பாதங்களைச் சற்றே பின்னிழுத்து, முழங்கால் உள்நோக்கிச் சாயாமல் எழுந்து பாருங்கள்; அப்போதும் வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும் என்பதால், எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் பழைய சுமையில் பாதியிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.