தாய்லாந்து ஓய்வுக்கால விசா: முதல் 90 நாளும் ஆண்டு நீட்டிப்பும்

ஐம்பது வயது நிறைந்த வெளிநாட்டவர் தாய்லாந்தில் ஆண்டுக்கணக்கில் தங்குவதற்குக் கொடுக்க வேண்டிய தாள்கள் அதிகமில்லை. ஒரு வங்கிக் கடிதம், ஒரு பாஸ்புக், சில நகல்கள், ஒரு புகைப்படம் என்ற அளவில் அது முடிந்துவிடும். இடறி விழுவது பெரும்பாலும் தேதிகளில்தான். 2023ஆம் ஆண்டு என்னுடைய முதல் நீட்டிப்பு ஒரே ஒரு நாள் குறைவால் கைநழுவிப் போகவிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு மூன்று முறை சிக்கலின்றி நீட்டித்திருப்பதால், இந்திய கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் முறையை எழுதி வைக்கிறேன்.

முதலில் எந்த விசா என்பதை முடிவு செய்யுங்கள். ஓய்வுக்காலத் தங்கலுக்கு நான்-ஓ (Non-O), ஓ-ஏ (O-A) என இரண்டு விசா வகைகள் வழக்கத்தில் உள்ளன. ஓ-ஏ விசாவைச் சொந்த நாட்டிலிருந்தே ஓராண்டுக்குப் பெறலாம் என்றாலும், அதற்குக் காவல்துறை நற்சான்றும், தொழுநோய், காசநோய், யானைக்கால் முதலிய நோய்கள் இல்லை என்ற மருத்துவச் சான்றும், மருத்துவக் காப்பீடும் வேண்டும். அந்தக் காப்பீட்டை நீட்டிப்பின்போதும் கேட்கிறார்கள். நான்-ஓ முதலில் 90 நாள்தான் தருகிறது. ஆனால் ஓய்வுக்கால அடிப்படையில் அதை நீட்டிக்கும்போது காப்பீட்டுச் சான்று தேவையில்லை. வயதான பிறகு காப்பீடு எடுப்பவருக்குக் கட்டணம் ஆண்டுதோறும் எப்படி ஏறும் என்பது தெரிந்ததே. ஆகவே நான் பரிந்துரைப்பது நான்-ஓ. காப்பீடு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. எந்த நிறுவனத்தில், எவ்வளவுக்கு எடுப்பது என்பதை விசா விதி முடிவு செய்யாமல் நீங்களே முடிவு செய்யலாம் என்பதே பொருள்.

நான் போனபோது சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தின் வழியாக ஒற்றை நுழைவு நான்-ஓ பெற்றேன். 2025 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விண்ணப்பம் மின்விசா முறைக்கு மாறிவிட்டது. விசா விலக்கில் நுழைந்து, அங்கேயே 2,000 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டி நான்-ஓ வகைக்கு மாற்றிக்கொள்ளும் வழியும் உண்டு. அப்படிச் செய்பவர் தங்கும் அனுமதியில் குறைந்தது 15 நாள் மீதமிருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும் என்பதோடு, பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்கான ஆதாரத்தையும் காட்ட வேண்டும்.

அடுத்தது பணம். தாய்லாந்து வங்கி ஒன்றில் உங்கள் பெயரில் 8,00,000 பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8,00,000 ஆக வேண்டும். மாத வருமான வழி நம் ஓய்வூதியக்காரர்களில் பெரும்பாலோருக்கு எட்டாது. மாதந்தோறும் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்ததாகக் காட்ட வேண்டியிருக்கும். எனவே மொத்தத் தொகையை வங்கியில் வைக்கும் வழியையே விளக்குகிறேன்.

இந்தியாவிலிருந்து அனுப்புபவர்கள் ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணமனுப்பல் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பதால் வரம்பு ஒரு தடையாக இருக்காது. ஆனால் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படும் தொகைக்கு 20 விழுக்காடு மூலவரி வசூலித்து வைத்துக்கொள்வார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. அதையும் சேர்த்துத் தொகையைத் திரட்டுங்கள். மார்ச் கடைசியில் பாதியும் ஏப்ரல் தொடக்கத்தில் பாதியுமாக அனுப்பினால் இரண்டு நிதியாண்டுகளின் வரம்பும் பயன்படும். வங்கி வழியாக நேரடியாக அனுப்புவதே என் விருப்பம். சில பணமனுப்பும் செயலிகள் தாய்லாந்துக்குள் இருக்கும் ஒரு கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குப் பணத்தைச் செலுத்துவதால், பாஸ்புக்கில் அது உள்ளூர் வரவாகப் பதிவாகிவிடும்.

இனி நான் இடறிய இடம். விதியின்படி, நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் இரண்டு மாதம் 8,00,000 பாட் கணக்கில் இருந்திருக்க வேண்டும். நான் நுழைந்த நாள் 2023 ஜனவரி 10. நுழைந்த நாளையும் சேர்த்து எண்ணுவதால் 90ஆவது நாள் ஏப்ரல் 9 ஆகும். இரண்டு மாதத்தைக் கழித்தாலும் முழுதாக ஒரு மாதம் கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். கணக்குத் தொடங்கவே ஜனவரி 27 ஆகிவிட்டது; முதலில் போன கிளை சுற்றுலாப் பயணி என்று எண்ணித் திருப்பி அனுப்பியது, இரண்டாவது கிளை குடிவரவு அலுவலகத்திலிருந்து வசிப்பிடச் சான்று கேட்டது. அதன் பிறகு பணம் அனுப்பினால், அது வழியிலேயே நின்றுவிட்டது.

காரணம் நம் ஊர் தலைப்பெழுத்து. என் கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப்பெயராக விரித்து எழுதப்பட்டிருக்கிறது. இந்திய வங்கிக் கணக்கில் அது ஒற்றை எழுத்து. தாய்லாந்து வங்கியில் எனக்குக் கணக்குத் தொடங்கித் தந்த பெண் ஊழியரோ என் பெயரை மட்டும் எழுதிவிட்டு, தந்தை பெயர் என் பெயரில்லையே என்று நியாயமாகவே விட்டுவிட்டார். மூன்று இடத்தில் மூன்று விதம். அதைத் திருத்தி, பணம் கணக்கில் ஏறிய நாள் பிப்ரவரி 7.

அதிலிருந்து இரண்டு மாதம் ஏப்ரல் 7, வெள்ளிக்கிழமை. ஏப்ரல் 6 சக்ரி வம்ச நாள் என்பதால் அரசு விடுமுறை. எட்டும் ஒன்பதும் சனி, ஞாயிறு. ஆக எனக்கு இருந்தது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். போனேன். குடிவரவு அலுவலக அதிகாரி பாஸ்புக்கில் விரல் வைத்து நாட்காட்டியைப் புரட்டி எண்ணினார். இரண்டு மாதம் என்பதை அந்த அலுவலகம் 60 நாளாகக் கணக்கிடுகிறது. பிப்ரவரிக்கு 28 நாள்தான் என்பதால் என்னிடம் இருந்தது 59.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் அடுத்த வேலைநாளான திங்கட்கிழமை வரும்படி சொல்லி, அன்று விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். அது எனக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. அதை நம்பி யாரும் திட்டமிட வேண்டாம். நுழைந்த நாளிலிருந்து 20 நாளுக்குள் முழுத் தொகையும் கணக்கில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் 13 முதல் 15 வரை சோங்க்ரான் (தாய்லாந்துப் புத்தாண்டு) விடுமுறை என்பதையும் பாருங்கள். கணக்குத் தொடங்கும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் பெயரைப் பதியச் சொல்லுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக உள்ளவர்கள் இந்தியாவிலேயே அதைச் சரிசெய்துவிட்டுக் கிளம்புவது நல்லது. அங்குள்ள இணையப் படிவங்கள் குடும்பப்பெயரை வெற்றாக விட அனுமதிப்பதில்லை.

வாடகை வீட்டில் குடியேறிய 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் உங்களைப் பற்றிக் குடிவரவு அலுவலகத்துக்கு டிஎம் 30 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இதைச் செய்வீர்களா என்று கேட்டுவிடுங்கள். அந்த ரசீது இல்லாமல் நீட்டிப்பு மேசைக்குப் போனால், முதலில் அதற்கு வழி பார் என்று அனுப்பிவிடுவார்கள்.

நீட்டிப்பு நாளுக்கான தாள்கள் இவை: டிஎம் 7 படிவம், 4x6 செ.மீ. அளவில் ஒரு புகைப்படம், கடவுச்சீட்டின் முகப்பு, விசா, நுழைவு முத்திரைப் பக்கங்களின் நகல், பாஸ்புக்கின் நகல், வங்கிக் கடிதம், டிஎம் 30 ரசீது, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்கு வழிகாட்டும் வரைபடம், கட்டணம் 1,900 பாட். நகல் ஒவ்வொன்றிலும் நீல மையில் கையெழுத்திடுங்கள்; கறுப்பு மையில் இட்டால் கையெழுத்தும் நகலா என்ற சந்தேகம் வருகிறது. வங்கிக் கடிதம் அன்றைய தேதியில் இருப்பது பாதுகாப்பு. அன்று காலையிலேயே கணக்கில் 100 பாட் போட்டு, பாஸ்புக்கில் பதிந்துகொள்ளுங்கள். அன்றைய தேதியில் ஒரு வரி இருந்தால் பணம் இன்றும் இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. மாதம் ஒருமுறையாவது பாஸ்புக்கைப் பதிந்து வாருங்கள், நெடுநாள் விட்டால் எந்திரம் பல வரவுகளைச் சேர்த்து ஒரே வரியாக அச்சிட்டுவிடும். கடிதத்தில் ஆண்டு பௌத்த ஆண்டாக இருக்கலாம். 543ஐக் கழித்துப் பாருங்கள். 2567 என்றால் 2024.

பாங்காக்கில் வசிப்பவர்கள் சேங் வத்தனா அரசு வளாகத்துக்கும், பட்டாயாவில் வசிப்பவர்கள் ஜோம்தியென் அலுவலகத்துக்கும் போக வேண்டும். முகவரி எந்த மாகாணமோ அந்த மாகாண அலுவலகம்தான்; வரிசை குறைவு என்று வேறு ஊருக்குப் போக முடியாது. முடிவு நாளுக்கு 30 நாள் முன்பிருந்தே விண்ணப்பத்தை வாங்குகிறார்கள். புதிய ஓராண்டு பழைய அனுமதி முடியும் நாளிலிருந்தே தொடங்குவதால், முன்கூட்டிப் போவதால் நாள் எதுவும் வீணாகாது.

முத்திரை விழுந்ததும் பணத்தை எடுத்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் உண்டு. 2019 மார்ச் முதல் நடப்பிலுள்ள விதி, நீட்டிப்புக்குப் பின் மூன்று மாதம் வரை 8,00,000 பாட் குறையக்கூடாது, அதன்பின்னும் ஆண்டு முழுவதும் 4,00,000க்குக் கீழே இறங்கக்கூடாது என்கிறது. அடுத்த நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்பே மீண்டும் 8,00,000 ஆக்க வேண்டும். பாதித் தொகையைப் பயன்படுத்தக் கிடைப்பது ஏழு மாதம்தான் எனும்போது, தனிக் கணக்கில் போட்டு மறந்துவிடுவதே மேல். அன்றாடச் செலவுக்கு வேறொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மட்டும் உங்கள் கணக்கில் பணம் போட்டுக் காட்டி முத்திரை வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர்களிடம் போகாதீர்கள். பணம் இரண்டு மாதம் இருக்கவில்லை என்பதற்கு உங்கள் பாஸ்புக்கே சாட்சியாக இருக்கும். மாட்டுவது முகவர் அல்ல, நீங்கள்.

சேர்க்கை, முதற்பதிவுக்குப் பின்: மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு செல்லுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். செல்லாது, விண்ணப்பதாரர் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கையே பயன்படுத்துங்கள். மனைவி ஐம்பதுக்குக் கீழே இருந்தாலும் உங்களைச் சார்ந்தவராக நீட்டித்துக்கொள்ளலாம். அதற்குத் திருமணச் சான்றிதழைத் தாய்லாந்து மொழியில் பெயர்த்து, சான்றொப்பம் பெற வேண்டும். (தாய் மொழி என்று எழுதியிருந்தேன், ஒருவர் சான்றிதழைத் தமிழில் பெயர்க்க ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். இனி முழுப்பெயரையே எழுதுகிறேன்.)

இன்னொரு சேர்க்கை: 90 நாள் அறிக்கையும் நீட்டிப்பும் ஒன்றென்று பலர் எண்ணுகிறார்கள். டிஎம் 47 படிவத்தில் தரும் அறிக்கை, இன்ன முகவரியில் இருக்கிறேன் என்று தெரிவிப்பது மட்டுமே. தங்கும் அனுமதியை அது ஒரு நாள்கூடக் கூட்டாது. நாட்டை விட்டு வெளியேறாமல் இருந்த ஒவ்வொரு 90 நாளுக்கும் ஒருமுறை, உரிய நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம். கட்டணமில்லை, தவறினால் 2,000 பாட் அபராதம். தங்கும் அனுமதி முடிந்தும் இருந்துவிட்டால் கணக்கே வேறு, நாளொன்றுக்கு 500 பாட் வீதம் 20,000 வரை ஏறும். நான் கைபேசி நினைவூட்டலை நம்புவதில்லை. வங்கி இலவசமாகத் தரும் சுவர் நாட்காட்டியில் இரண்டு நாட்களையும் வெவ்வேறு நிறத்தில் வட்டமிட்டு வைக்கிறேன்.

கடைசியாக, மறுநுழைவு அனுமதி. நீட்டிப்பு கிடைத்த இரண்டாம் மாதம் உறவினர் மறைவுக்காக அவசரமாக ஊருக்குக் கிளம்பிய வாசகர் ஒருவர் இதை வாங்காமல் விமானம் ஏறிவிட்டார். நாட்டை விட்டு வெளியேறிய நொடியே நீட்டிப்பு ரத்தாகிவிட, அவர் நான்-ஓ விசாவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. டிஎம் 8 படிவம், ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. நீட்டிப்பு முடியும் நாள் வரை செல்லும். ஆண்டுக்கு நான்கு பயணமோ அதற்கு மேலோ போகிறவருக்குப் பலமுறை அனுமதி லாபம். மரணச் செய்தி வந்த இரவில் படிவம் தேடி அலையாமலிருக்க, நீட்டிப்பு முத்திரை வாங்கிய அன்றே பக்கத்து மேசையில் இதையும் வாங்கிவிடுகிறேன். மறந்துபோனால் சுவர்ணபூமி விமான நிலையத்தில், கடவுச்சீட்டுச் சோதனையைத் தாண்டும் முன் கேட்டு வாங்கலாம். திரும்பி வரும்போது மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் இது கட்டாயம். விசா எண் கேட்கும் இடத்தில் நான் மறுநுழைவு அனுமதியின் எண்ணை எழுதுகிறேன், இதுவரை யாரும் மறுத்ததில்லை.