பயிற்சி வீடியோ: கணினியில் தெளிவு, கைப்பேசியில் மங்கல்

கணினித் திரையைப் பதிந்து பயிற்சி வீடியோ எடுப்பதில் வரும் தவறுகளில், மைக்கை ஆன் செய்ய மறப்பது, ரெக்கார்ட் பொத்தானை அழுத்தாமலே பேசி முடிப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருமுறை பட்டால் போதும். இங்கே சொல்பவை வேறு வகை. எடுத்தவருடைய கணினியில் எல்லாம் சரியாகவே தெரியும், அவதிப்படுவது பார்க்கிறவர். இந்த வேலையில் இன்று தேர்ந்திருப்பவர்களும் தொடக்கத்தில் செய்தவைதான்.

பெரிய மானிட்டரில் எடுத்துச் சின்னத் திரைக்கு அனுப்புவது

நல்ல பாடங்களைப் பாழாக்குவதில் இதற்கு மிஞ்சிய தவறு இல்லை. புதியவர்கள் இதையே மறுபடி மறுபடி செய்வதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 53 செ.மீ. அதே காட்சி, படுக்கவைத்த 6.5 அங்குலக் கைப்பேசியில் ஏறக்குறைய 12 செ.மீ.க்குள் அடங்கிவிடும். எழுத்து நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. போதாக்குறைக்கு, டேட்டாவை மிச்சம் பிடிக்கப் பலர் 360பி-யில், அதாவது படத்தின் உயரம் 360 வரியே உள்ள குறைந்த தரத்தில், பார்க்கிறார்கள். 1080 வரிகள் 360 ஆகும்போது ஒவ்வொரு எழுத்தின் உயரமும் மூன்றில் ஒன்றாகிறது. எக்செலில் கலிப்ரி 11 அளவில், 100% ஜூமில் ஓர் எண்ணின் உயரம் ஏறக்குறைய 9 பிக்சல். அது 360பி-யில் 3 பிக்சல். மூன்று பிக்சலில் 8-க்கும் 6-க்கும் வித்தியாசம் இருக்காது.

"இந்த ஃபார்முலாவை இங்கே போடுங்க" என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே போவார். பார்ப்பவருக்கு அது பி2-ஆ, டி2-ஆ என்று தெரியாது. வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் விரித்துப் பார்ப்பார். பெரிதாவது மங்கல் மட்டும்தான். பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடத்தோடு மூடிவிடுவார்.

360பி-யிலும் படிக்க முடிய வேண்டுமானால், பதிவு செய்யும்போது எழுத்து 24 பிக்சல் உயரமாவது இருக்க வேண்டும். அதற்கு மானிட்டரின் ரெசல்யூஷனைக் குறைக்க வேண்டாம், அது எழுத்தின் விளிம்பை மழுக்கும். 1920×1080-ஐ அப்படியே வைத்து, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஸ்கேலை 150% ஆக்குங்கள். அதற்கு மேல் எக்செலில் ஜூம் 175%. இரண்டும் பெருகி 2.6 மடங்கு ஆகும். 9 பிக்சல் 24-ஐத் தொடும். கன்ட்ரோல் எஃப்1 அழுத்தினால் மேலே உள்ள பொத்தான் பட்டையான ரிப்பன் மடங்கி இடம் கிடைக்கும். அப்போதும் பத்துப் பதினோரு நெடுவரிசைதான் தெரியும். தேவையில்லாதவற்றை மறைத்துவிடுங்கள். பாடத்துக்கு அது நல்லதே. பிரவுசர் பாடங்களுக்கும் இதே கணக்குத்தான்: பக்கத்தின் ஜூமைக் கூட்டுங்கள்.

திரையைப் பதியும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவில் வீடியோ செட்டிங்கைத் திறந்து, கேன்வாஸ் (பதியும் பரப்பு), அவுட்புட் (வெளிவரும் வீடியோவின் அளவு) இரண்டும் 1920×1080 தானா என்று பாருங்கள். அவுட்புட் 1280×720 ஆக இருந்தால் இவ்வளவு செய்தும் தெளிவு போய்விடும்.

"எடிட்டிங்கில் ஜூம் செய்துகொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். 1080-ல் எடுத்து 720-ல் வெளியிட்டால் ஒன்றரை மடங்கு வரை தெளிவு குறையாமல் பெரிதாக்கலாம். அதைத் தாண்டினால் இருக்கிற பிக்சலை இழுத்து நீட்டுவதுதான். பதிவாகாத விவரம் எடிட்டிங்கில் வராது. குரல் உட்பட மொத்தமும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

சிவப்பு எழுத்தையும் தவிருங்கள், குறிப்பாகக் கறுப்பு அல்லது நீலப் பின்னணியில். வீடியோ கோப்புகளில் நிறத்தின் விவரம் பொதுவாக அகலத்திலும் உயரத்திலும் பாதியாகத்தான் சேமிக்கப்படுகிறது. மெல்லிய சிவப்புக் கோடு கரைந்துபோகும். வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

முழுப் பாடத்தையும் எடுப்பதற்கு முன் 30 விநாடி மட்டும் பதிந்து யூடியூபில் அன்லிஸ்டடாக (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) ஏற்றி, ஒரு கைப்பேசியில் 360பி வைத்துக் கை நீட்டிப் படித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் ஜூமைக் கூட்டுங்கள்.

நேரடியாக எம்பி4-ல் பதிவது

சாதாரண எம்பி4 கோப்பின் அட்டவணை (உள்ளே எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்), பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் மின்சாரம் போனால் அதுவரை பேசிய 40 நிமிடமும் திறக்காது. எம்கேவி என்ற கோப்பு வகையில் பதியுங்கள், நின்ற இடம் வரை மிஞ்சும். பிறகு ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் வழியாக எம்பி4 ஆக்கலாம். மறுபடி என்கோடு செய்யாததால் தரம் குறையாது.

60 ஃபிரேம்

விநாடிக்கு 30 போதும்.

ஒலியைக் கடைசியில் பார்த்துக்கொள்வது

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். பேச்சின் உச்சம் -12-க்கும் -6 டெசிபலுக்கும் நடுவே விழ வேண்டும். சத்தம் மிகுந்த வீடியோவை யூடியூப் குறைக்கும். குறைந்ததைக் கூட்டித் தரும் என்று நம்ப வேண்டாம். ஒரு காதில் மட்டும் குரல் கேட்டால், ஓபிஎஸ்ஸின் அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்டீஸில் அந்த மைக்குக்கு மோனோவை டிக் செய்யுங்கள்.

நோட்டிஃபிகேஷன்

அணைத்துவிடுங்கள். ஓடிபி-யும் அதில்தான் வரும்.

ஏற்றிய கையோடு வெளியிடுவது

யூடியூப் முதலில் குறைந்த தரத்தைத் தயாரிக்கும். எச்டி பிறகுதான் வரும். உடனே பொதுவில் விட்டால் முதலில் வருகிறவர்கள் மங்கலைத்தான் பார்ப்பார்கள். பிரைவேட்டாக ஏற்றி, 1080பி வந்த பிறகு மாற்றுங்கள். வெளியிடும் முன் ஒருமுறை முழுதும் ஓட்டிப் பார்ப்பதும் கட்டாயம். யூடியூபின் எடிட்டரில் வெட்டலாம், ஓர் இடத்தை மங்கலாக்கலாம். ஆனால் அதே இணைப்பில் வேறு கோப்பை வைக்க முடியாது. எக்செலின் ஒரு கட்டத்தில் தவறான ஃபார்முலா இருந்தால் புதிதாக ஏற்றி, பழைய இணைப்பு போன ஒவ்வொரு குழுவிலும் புதியதை அனுப்ப வேண்டும்.