கடலோர வீட்டை விக்கப் போறீங்களா? ஸ்டேஜிங் பத்தி புதுசா வந்த நம்மாளுங்களுக்கு

வெளிநாட்டுக்குப் புதுசா வந்தவங்க பேங்க் அக்கவுண்ட், ஸ்கூல் அட்மிஷன், டிரைவிங் லைசன்ஸ்னு எல்லாத்தையும் நாலு பேர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்குறீங்க, ரொம்ப நல்லது, ஆனா வீடு விக்குறது பத்தி யாரும் முன்கூட்டியே கேக்குறதில்ல. வேலை மாறி வேற ஊருக்குப் போகணும்னு வரும்போதுதான் ஏஜென்ட் வந்து ஸ்டேஜிங் பண்ணியாச்சான்னு கேப்பாரு, அப்ப முழிக்க வேண்டியிருக்கும். அதுலயும் கடலோர வீடுன்னா கணக்கே வேற.

ஸ்டேஜிங்னா வாங்க வர்றவங்க உள்ள கால் வச்சதும் நாம இங்க குடியிருக்கலாம்னு நெனைக்குற மாதிரி வீட்டைத் தயார் பண்ணி வைக்குறது. அமெரிக்காவுல பார்ப் ஷ்வார்ட்ஸ்ங்குற ரியல் எஸ்டேட் ஏஜென்ட் 1972-ல ஆரம்பிச்சதா சொல்லுவாங்க, இப்ப பல நாட்டுல இது ஒரு தனித் தொழிலாவே இருக்கு. ஃபர்னிச்சரை மாச வாடகைக்குக் கொண்டு வந்து போட்டு, விலை போனதும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்படி ஆள் வைக்குறதா இருந்தா குறைஞ்சபட்சம் எத்தனை மாசம், சீக்கிரம் வித்துட்டா மீதி வாடகை என்ன ஆகும், பொருள் உடைஞ்சா யார் பொறுப்புன்னு மூணையும் எழுத்துல வாங்கிட்டு கையெழுத்து போடுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கடலோர வீடுன்னதும் நிறைய பேரு நீலக் குஷன், சிப்பி, நங்கூரப் படம், கயிறு சுத்தின கண்ணாடின்னு வாங்கி அடுக்குறாங்க. தயவுசெஞ்சு வேண்டாங்க. கடல் வேணும்னு முடிவு பண்ணிதான் அவங்க அந்த வீட்டைப் பார்க்கவே வர்றாங்க, கடலை நாம விக்க வேண்டியதில்ல. அவங்க மனசுல இருக்குற பயம் ஒண்ணே ஒண்ணுதான், இந்தக் கடல் இந்த வீட்டை உள்ளுக்குள்ள என்ன பண்ணி வச்சிருக்கோன்னு. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ற வேலைதான் இங்க ஸ்டேஜிங்.

அலை உடையும்போது கிளம்புற உப்புத் துளி காத்தோட வந்து வீடு பூரா படியுது. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல போனா அந்த உப்பு ஈரத்தை இழுத்து தானே கரைஞ்சு நிக்கும், அதனால மழையே இல்லாட்டியும் கீல், ஸ்க்ரூ, பால்கனி கம்பி எல்லாம் லேசா நனைஞ்சபடியே கிடக்கும், துரு பிடிக்காம என்ன செய்யும். வாசல்ல இருந்தே ஆரம்பிங்க. ஏஜென்ட் சாவியை எடுத்து கதவைத் திறக்குற வரைக்கும் வந்தவங்க சும்மாதான் நிப்பாங்க, அந்த நேரத்துல அவங்க கண்ணு போற இடம் கைப்பிடி, கீல், காலிங் பெல், வாசல் லைட்டு. கீலுக்குக் கீழ வெள்ளைப் பெயிண்ட் மேல பழுப்பா ஒரு கோடு வழிஞ்சு இறங்கியிருக்கும் பாருங்க, அந்த ஒரு கோட்டைப் பார்த்தா போதும், உள்ள எவ்வளவு அழகா வச்சிருந்தாலும் சந்தேகத்தோடதான் நுழைவாங்க. தேய்ச்சு பெயிண்ட் அடிச்சா கொஞ்ச நாள்ல திரும்ப வழியும், கீலையும் ஸ்க்ரூவையும் சேர்த்தே மாத்துங்க. கடையில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு மட்டும் கேக்காம 316 கிரேடுன்னு கேளுங்க, அதுல மாலிப்டினம்ங்குற உலோகம் கலந்திருக்கும், சாதாரண 304 கிரேடை விட உப்புக் காத்தை நல்லாத் தாங்கும்.

அடுத்து கண்ணாடி. கடல் பார்த்த வீட்டுல இதுதான் உயிர், ஆனா இதைத்தான் அவசரத்துல கெடுத்து வைக்குறாங்க. காஞ்ச துணியால துடைக்கவே துடைக்காதீங்க, உப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியை மெல்லிசா கீறிடும், வெயில் சாய்வா விழும்போது அத்தனை கோடும் தெரியும். முதல்ல நல்ல தண்ணியை மேல இருந்து கீழ வரைக்கும் ஊத்தி உப்பை இறக்குங்க, அப்புறம் லேசான சோப்புத் தண்ணி, அப்புறம் ரப்பர் வைப்பரால ஒரே இழுப்பா இழுங்க. கடல்ல இருந்து காத்து அடிச்சா ரெண்டு மூணு நாள்ல திரும்ப மங்கிடும், அதனால விளம்பரத்துக்கு ஃபோட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஆளுங்க பார்க்க வர்ற அன்னிக்குக் காலையில ஒரு தடவை.

அந்தக் கண்ணாடிக் கதவு ஓடுற தண்டவாளத்தையும் பாருங்க. உள்ள வந்த முக்காவாசி பேரு நேரா பால்கனி கதவுக்குத்தான் போவாங்க, கையை வச்சு இழுப்பாங்க, நறநறன்னு மணல் அரைபட்டு பாதியில நின்னுச்சுன்னா அவங்க முகத்துலயே தெரிஞ்சிடும். வேக்குவம் போட்டு மணலை உறிஞ்சி, பழைய டூத் பிரஷ்ஷால மூலையைத் தேய்ச்சு, சிலிகான் ஸ்ப்ரே அடிச்சு விடுங்க. ஒத்தை விரல்ல கதவு ஓடணும்.

வாசனை. பூஞ்சை வாடையை மறைக்க ரூம் ஸ்ப்ரே அடிச்சா எதையோ மறைக்குறாங்கன்னுதான் நெனப்பாங்க. எல்லா அலமாரியையும் திறந்து வைங்க, கர்ட்டனைத் துவைங்க, ரொம்ப நாள் ஈரம் குடிச்ச கார்ப்பெட்டும் மெத்தையும் இருந்தா வெளிய அனுப்பிடுங்க. சின்னதா ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி வச்சு, காத்துல இருக்குற ஈரத்தை இழுக்குற டீஹ்யூமிடிஃபையர் மெஷினை ஓட விட்டு 50 சதவீதம் கிட்ட வச்சிருங்க, 60-ஐத் தாண்ட விடாதீங்க. சமையல் வாசனையும் துணியில ஏறி ஈரத்தோட சேர்ந்து தங்கும், இந்த வாரங்கள்ல கொஞ்சம் லேசா சமைச்சுக்கோங்க.

சுவத்துல ஈரக்கறை இருந்தா மேல பெயிண்ட் அடிச்சு மூடாதீங்க. இது மனசாட்சி விஷயம் மட்டும் இல்ல, பல நாடுகள்லயும் தெரிஞ்ச குறையை விக்கிறவங்க எழுத்துல சொல்லியாகணும், சொல்லாம வித்தா பின்னாடி கேஸ் வரைக்கும் போகலாம், புதுசா வந்த ஊருல நமக்கு அது தேவையா. தண்ணி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணி பில்லை வச்சுக்கோங்க. பால்கனி கான்கிரீட் வெடிச்சு பழுப்புக் கறை கசிஞ்சா உள்ள கம்பி துருப்பிடிச்சு வீங்குதுன்னு அர்த்தம், சிமெண்ட் பூசி மூடுற வேலை இல்ல அது, இன்ஜினியரைக் கூப்பிடுங்க. சரி பண்ண ரிப்போர்ட்டும் பில்லும் ஒரு ஃபைல்ல போட்டு டேபிள் மேல வைங்க, என்னைக் கேட்டா அதை விட நல்ல அலங்காரம் கடலோர வீட்டுக்குக் கிடையாது.

இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் சோஃபா. ஜன்னலுக்கு முன்னாடி உயரமான எதையும் போடாதீங்க, கர்ட்டன் கம்பி ஜன்னலை விட ரெண்டு பக்கமும் நீளமா இருந்தா துணி கண்ணாடியை மறைக்காது. பல்பு எல்லாம் ஒரே கலர், 2700-ல இருந்து 3000 கெல்வின், அதாவது லேசா மஞ்சள் கலந்த வெளிச்சம். குடும்ப ஃபோட்டோவைப் பேக் பண்ணிடுங்க. வாசல் பக்கத்துல ஈரத் துண்டு மாட்ட ஒரு கொக்கியும் மணல் கால் துடைக்க ஒரு மிதியடியும் இருந்தா போதும், இந்த வீட்டுல இருந்து கடலுக்குப் போயிட்டு வர்றது எப்படி இருக்கும்னு அவங்களுக்கே புரியும்.

ஃபோட்டோவுக்கு நாள் குறிக்கும்போது டைட் டேபிளைப் பாருங்க, அதாவது கடல் தண்ணி எப்ப ஏறும் எப்ப வடியும்னு சொல்ற அட்டவணை. தண்ணி ஏறுற நேரம் தினமும் சுமாரா 50 நிமிஷம் தள்ளிப் போகும், நேத்து இந்த நேரம் நிறைஞ்சிருந்த கரை ஒரு வாரம் கழிச்சு அதே நேரத்துல சேறா கிடக்கலாம். ஃபோட்டோல கம்ப்யூட்டரால சோஃபா போடுறது சரி, அதையும் சொல்லிட்டுப் போடணும், ஆனா இல்லாத கடலைப் போடுறதும் பக்கத்து வீட்டுக் கூரையை அழிக்குறதும் ஏமாத்து வேலை, ஏஜென்ட் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. பார்க்க வர்ற நேரத்தை முடிஞ்சா காலையில வைங்க, நிலம் சூடானதும் மதியத்துக்கு மேல கடல் காத்து வேகம் பிடிக்கும், கதவெல்லாம் படார் படார்னு அடிக்கும், எப்படியும் கதவுக்கு ஸ்டாப்பர் போட்டு வைங்க.

இப்ப வாங்குற பக்கம் நிக்குறவங்களுக்கு, இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. கார்ப்பெட் ஓரத்தைத் தூக்குங்க, சிங்க்குக்குக் கீழ கதவைத் திறந்து மோந்து பாருங்க, ஏசியோட வெளி யூனிட்ல அலுமினிய தகடு பொடிஞ்சு வெள்ளையா உதிருதான்னு பாருங்க, ஒரே ஒரு சுவர் மட்டும் புதுப் பெயிண்டா இருந்தா ஏன்னு கேளுங்க. காலையில பார்த்துப் பிடிச்சிருந்தா காத்து அடிக்குற சாயங்காலம் இன்னொரு தடவை போங்க. விலை பேசுறதுக்கு முன்னாடியே வெள்ளத்துக்கும் புயலுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எவ்வளவு ஆகும்னு கம்பெனிகிட்ட கேட்டு வாங்கிடுங்க, சில கடலோர இடங்களுக்கு கம்பெனிங்க தரவே மாட்டாங்க, அப்ப பேங்க் லோனும் கிடைக்காம போகலாம்.