கம்பளிப் போர்வையோடு வெட்டவெளியில் தூங்குவது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

முதன்முதலாக வெளியில் கூடாரம் போட்டுத் தங்கிய இரவில் என்னிடம் இரண்டு நல்ல கம்பளிகள் இருந்தன. தரையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுப் படுத்தேன். இரண்டு கம்பளியையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நள்ளிரவு தாண்டியதும் முதுகு சில்லிட்டது. மூன்று மணிக்கெல்லாம் பல் தந்தியடிக்க எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மேலே அத்தனை கனம் இருந்தும் உடம்பில் சூடில்லை. கூட வந்த நண்பர் விழித்துப் பார்த்தார். ஒரு கம்பளியை எடுத்து நாலாக மடித்து என் முதுகுக்குக் கீழே தள்ளினார். பத்து நிமிடத்தில் நடுக்கம் அடங்கியது. விடியும்வரை தூங்கினேன்.

போர்வை என்றாலே மேலே போர்த்துவது என்றுதான் நம் மனம் பழகியிருக்கிறது. வெட்டவெளியில் முதலில் தடுக்க வேண்டியது கீழிருந்து வரும் குளிரை. கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை.

முதலில் ஒரு விஷயம். கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு உங்கள் உடம்பிலிருந்து வருகிறது, கம்பளி அதை ஓடிவிடாமல் பிடித்து வைக்கிறது. ஆட்டு ரோமம் இயல்பிலேயே சுருள்சுருளாக இருக்கும். அந்தச் சுருள்களுக்கு நடுவே காற்று சிக்கி அசையாமல் நிற்கும். அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது. ஆனால் உடம்பின் பாரம் அழுத்தும் இடத்தில் கம்பளி நசுங்கி, அந்தக் காற்று வெளியேறிவிடும். அதனால்தான் மேலே கிடக்கும்போது கதகதப்பாக இருக்கும் அதே கம்பளி, அடியில் ஒற்றையாகக் கிடந்தால் போதுவதில்லை.

படி 1: கம்பளியைத் தேர்ந்தெடுப்பது

'கம்பளி' என்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் ஆட்டு ரோமம் அல்ல. பார்வைக்கும் தொடுவதற்கும் கம்பளி போலவே இருக்கும் செயற்கை இழைப் போர்வைகள் நிறைய உண்டு. சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழைகளை மட்டும் பிய்த்தெடுங்கள். அவற்றை இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டுக்கு மேலே வைத்து, தீக்குச்சி நெருப்பைக் காட்டுங்கள். அசல் ரோமமாக இருந்தால் தயங்கித் தயங்கி எரியும், நெருப்பை விலக்கியதும் அணைந்துவிடும். தலைமுடி கருகும் வாடை வரும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடிப்பொடியாக உதிரும். செயற்கை இழை சுருங்கி உருகிச் சொட்டும். ஆறியபின் கல்லுபோல ஒரு குட்டி மணி மிஞ்சும், அது நசுங்காது. சூடாக இருக்கும்போது அதைத் தொட்டுவிடாதீர்கள், தோலில் ஒட்டிக்கொள்ளும்.

நூற்றுக்கு நூறு ரோமம் கிடைக்காவிட்டால் எழுபது, எண்பது சதவீதம் இருக்கும் கலப்புக் கம்பளியும் வேலைக்கு ஆகும். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் சல்லடை போலத் தெரிந்தால் காற்றும் அப்படியே நுழையும். நெருக்கமாக நெய்து, மேல்பரப்பு கொஞ்சம் புசுபுசுவென்று இருப்பதை எடுங்கள்.

அகலத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 150 செ.மீ. அகலமும் 200 செ.மீ. நீளமும் குறைந்தபட்சம். உயரமானவர்கள் இன்னும் பெரிதாக எடுக்க வேண்டும். இந்த அளவில் ஒரு நல்ல கம்பளி 1.5 முதல் 2 கிலோ வரை கனக்கும். அதனால் முதுகில் சுமந்து நாள்முழுக்க நடக்கிற பயணத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி போகிற இடத்துக்கும், கொஞ்ச தூரம் நடந்து போகிற இடத்துக்கும் சரியான துணை.

படி 2: படுக்குமிடம்

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆற்றங்கரையும் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியும் பகலில் எவ்வளவு அழகாக இருந்தாலும், அங்கே படுக்காதீர்கள். கொஞ்சம் மேடேறி, காற்று நேராக வீசாத இடமாகப் பாருங்கள்.

வானம் தெளிவாக இருக்கும் இரவில் தரையும் நீங்களும் சூட்டை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருப்பீர்கள். பனி இறங்குவதும் அப்போதுதான். தலைக்கு மேலே கூடாரமோ தார்ப்பாயோ இருந்தால் இரண்டிலிருந்தும் காப்பு. மரத்தடியும் உதவும், ஆனால் காய்ந்த கிளை ஏதும் மேலே தொங்கவில்லை என்று பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள்.

படி 3: அடிப்படுக்கை

மாலை வெளிச்சம் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். கல், குச்சி எல்லாம் பொறுக்கிய தரையில் முதலில் ஈரம் ஏறாத ஒரு விரிப்பு. அதன்மேல் நுரை மெத்தை விரிப்பு ஒன்று. உடற்பயிற்சிக்குப் போடும் நுரைப் பாய் வீட்டில் இருந்தால் அதுவும் ஆகும், மெல்லியதாக இருந்தால் இரண்டு போடுங்கள். நுரைக்குள் காற்று குமிழ்குமிழாக அடைபட்டிருப்பதால் உடம்பின் பாரத்தில் அது அவ்வளவாக நசுங்காது. கம்பளி கோட்டைவிடுகிற இடத்தில் நுரைப் பாய் கைகொடுக்கிறது.

நுரைப் பாய் இல்லையா? காய்ந்த சருகும் புல்லும் தரையில் கிடந்தால், அதை ஒரு முழ உயரத்துக்குக் குவித்து மேலே விரிப்பைப் போடலாம். படுத்ததும் பாதியாக அமுங்கிவிடும், அதனால் தாராளமாகக் குவியுங்கள். ஈரச் சருகு வேண்டாம். பூச்சி இருக்கிறதா என்று குச்சியால் கிளறிப் பாருங்கள். உயிருள்ள செடியை ஒடிக்க வேண்டாம். பாதுகாக்கப்பட்ட காடுகளில் சருகைக்கூட அள்ள அனுமதி இருக்காது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படி 4: மடிப்பு

வெறுமனே மேலே போர்த்திய கம்பளி, நீங்கள் ஒருமுறை புரண்டாலே விலகிவிடும். அந்த இடைவெளியில் குளிர்காற்று புகுந்துவிடும். அதனால் கம்பளியை ஒரு பை மாதிரி மடித்து அதற்குள் போய்ப் படுக்க வேண்டும்.

இரண்டு கம்பளி இருந்தால் இப்படிச் செய்யுங்கள்:

1. பாயின் கால்மாட்டில் நின்று தலைமாட்டைப் பாருங்கள். முதல் கம்பளியை அதன் வலப்பாதி பாயின்மேலும், இடப்பாதி பாய்க்கு வெளியே தரையிலும் கிடக்கும்படி விரியுங்கள்.

2. இரண்டாவது கம்பளியை அதற்கு எதிர்மாறாக விரியுங்கள். இதன் இடப்பாதி பாயின்மேல், வலப்பாதி வெளியே. இப்போது பாயின்மேல் இரண்டு அடுக்கு இருக்கும்.

3. இடப்பக்கம் கிடக்கும் முதல் கம்பளியின் பாதியைத் தூக்கிப் பாயின் குறுக்கே மடியுங்கள்.

4. வலப்பக்கம் கிடக்கும் இரண்டாவது கம்பளியின் பாதியைத் தூக்கி அதன்மேல் மடியுங்கள்.

5. கால்மாட்டில் ஒன்றரைச் சாண் அளவு எல்லா அடுக்கையும் சேர்த்துப் பாய்க்கு அடியில் மடித்துச் செருகுங்கள். கால்மாட்டு ஓரத்தில் இரண்டு பெரிய ஊக்கு குத்தினால் அசையாது.

உங்களுக்குக் கீழே இரண்டு அடுக்கு, மேலே இரண்டு அடுக்கு. இரண்டு நோட்டுப் புத்தகங்களைத் திறந்து, ஒன்றின் அட்டையை மற்றதற்குள் செருகிவைத்தது போல இருக்கும். ஒரு கம்பளியின் திறந்த பக்கத்தை மற்றதன் மடிப்பு அடைத்துவிடும், இரண்டு பக்கமும் காற்றுக்கு வழியில்லை. தலைப்பக்கமிருந்து காலை உள்ளே விட்டு நடுவில் மெல்ல நுழையுங்கள். செருப்புக் காலோடு நுழைந்து மண்ணைக் கொண்டுபோகாதீர்கள், ராத்திரி முழுக்க உறுத்தும்.

ஒரே கம்பளிதான் என்றால் அதைக் கோணலாக விரியுங்கள். ஒரு முனை தலைமாட்டில், எதிர்முனை கால்மாட்டில். 150-க்கு 200 கம்பளியில் இந்தக் கோணல் நீளம் 250 செ.மீ. வரும். நடுவே படுத்து, கால்மாட்டு முனையைப் பாதத்தின்மேல் தூக்கிப் போடுங்கள். இடப்பக்க முனையை உடம்பின் குறுக்கே இழுத்து, கொஞ்சம் ஒருக்களித்து, வலது விலாவுக்குக் கீழே செருகுங்கள். அப்புறம் வலப்பக்க முனையை மேலே சுற்றிக்கொள்ளுங்கள். தலைமாட்டு முனை முக்காடாகிவிடும். முதல் இரண்டு தடவை சரியாக வராது. வீட்டுத் தரையிலேயே விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மூன்று முறை பழகிவிட்டுப் போனால், அங்கே இருட்டில் தடுமாற வேண்டியதில்லை.

இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சொல்: கனமான கம்பளியை அதன்மேல் போட்டால் இறகு அமுங்கிவிடும். கம்பளியை அதற்கு அடியில் போடுங்கள், இடமிருந்தால் உள்ளே சுற்றிக்கொண்டு படுங்கள்.

படி 5: உடம்பைச் சூடாக்கிக்கொண்டு உள்ளே போவது

கம்பளிக்குள் போகும்போதே நீங்கள் குளிர்ந்திருந்தால், உள்ளே பிடித்துவைக்கச் சூடே இருக்காது. படுப்பதற்கு முன்னால் நன்றாகச் சாப்பிடுங்கள். கையைக் காலை வீசி நாலு நிமிடம் நடங்கள், வியர்க்கும் அளவுக்குப் போக வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள்.

பகலில் போட்ட துணியை மாற்றியே ஆக வேண்டும். வியர்வை படிந்த பருத்திச் சட்டை காய்ந்தது போலத் தோன்றும், ஆனால் ஈரம் இருக்கும். காய்ந்த உடுப்பு, காய்ந்த காலுறை, தலைக்குக் குல்லா. இவை மூன்றும் தூங்குவதற்கென்றே தனியாகப் பையில் இருக்கட்டும்.

கசியாத உலோகப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கித் தலைகீழாகக் கவிழ்த்துச் சோதித்து, தடித்த காலுறைக்குள் போட்டுக் கம்பளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தருகே வைப்பதைவிடத் தொடைகளுக்கு நடுவே வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பெரிய ரத்தக்குழாய்கள் அங்கே ஓடுவதால் உடம்பு சீக்கிரம் சூடு பிடிக்கும்.

முகத்தை மட்டும் மூடாதீர்கள். மூச்சுக்காற்றின் ஈரம் கம்பளிக்குள்ளேயே தங்கிவிடும். காதுவரை குல்லா, கழுத்துவரை கம்பளி, மூக்கு வெளியே.

நெருப்பும் ஈரமும்

குளிர்காய்வதற்குக் கம்பளியைப் போர்த்தி உட்காருவது சுகமான விஷயம். கம்பளி உருகாது. தீப்பிடிக்க 570 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். நைலான் 220 முதல் 260 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அதனால் ஒரு பொறி பறந்து விழுந்தால் நைலான் ஜாக்கெட்டில் ஓட்டை விழும், கம்பளியில் சின்னக் கருகல்தான். இதை நம்பி நெருப்பை ஒட்டிப் படுத்துவிடாதீர்கள், தொங்கும் ஓரம் கங்கில் விழுந்தால் கம்பளியும் கருகும். கூடாரத்துக்குள் கரியடுப்போ கேஸ் அடுப்போ எந்தக் காரணத்துக்காகவும் எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

நனைந்தாலும் கம்பளி சூடாக இருக்கும் என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. ரோமம் தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை ஆவியாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தொட்டால் ஈரமாகவே தெரியாது. உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். வியர்வையும் மூடுபனியும் கம்பளியைப் பெரிதாகப் பாதிக்காததற்கு இதுதான் காரணம். மழையில் தொப்பலாக நனைந்தால் கதை வேறு. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிரம்பிவிடும், தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும். அதே நிலையில் நனைந்த பருத்திப் போர்வையைவிட அது மேல்தான், ஆனால் காய ஒரு பகல் பிடிக்கும். பயணத்தில் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

நடுராத்திரியில் குளிர் எடுத்தால்

விழித்ததும் எந்தப் பக்கம் குளிர்கிறது என்று கவனியுங்கள். முதுகோ இடுப்போ என்றால் மேலே எதையும் போடாதீர்கள். காலிப் பை, மாற்று உடுப்பு, கயிறு, கையில் கிடைப்பதையெல்லாம் அடியில் தள்ளுங்கள். தோள் என்றால் ஓரம் விலகியிருக்கும், செருகிவிடுங்கள். சிறுநீர் முட்டினால் அடக்கிக்கொண்டு புரளாமல் போய்விட்டு வாருங்கள், அடுத்த தூக்கம் நன்றாக வரும். படுத்தபடியே தொடைத் தசையை இறுக்கி இறுக்கி விட்டாலும் சூடு ஏறும்.

கூட இருப்பவர் விடாமல் நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ, கை சொன்னபடி கேட்காமல் தடுமாறினாலோ, அது சாதாரணக் குளிர் அல்ல. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது வரும் அறிகுறிகள் இவை. நடுக்கம் திடீரென்று நின்று மந்தமானால் இன்னும் ஆபத்து. ஈரத் துணியைக் களைந்து, காய்ந்த கம்பளியில் அடியும் மேலும் சுற்றி, உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

என் அனுபவத்தில், 10 டிகிரி வரை ஒரு நல்ல கம்பளியும் நல்ல அடிப்படுக்கையும் தாங்கும். 5 டிகிரி வரை இரண்டு கம்பளி. அதற்கும் கீழே போகும் இடத்துக்கு, முதல்முறை போகிறவர்கள் கம்பளியை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

காலையில்

எழுந்ததும் கம்பளியைச் சுருட்டிக் கட்டிவிடாதீர்கள். இரவு முழுக்க உங்கள் உடம்பின் ஈரத்தைக் குடித்திருக்கும். கிளையிலோ கயிற்றிலோ போட்டு, நீங்கள் மற்ற வேலைகளை முடிக்கும்வரை வெயில் காட்டி, இரண்டு பேராகப் பிடித்து உதறுங்கள். இதைச் செய்தால் அடிக்கடி துவைக்கத் தேவையே இருக்காது. துவைத்தால் பச்சைத் தண்ணீரில், மென்மையான சோப்பு போட்டு, அலசி அழுத்திப் பிழியுங்கள், முறுக்க வேண்டாம். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் ரோமத்தின் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கம்பளி சுருங்கிவிடும், திரும்ப விரியாது. எடுத்து வைக்கும்முன் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று மடிப்புக்குள் கைவிட்டுப் பாருங்கள். அழுக்கும் ஈரமும் இருந்தால் பூச்சி அரிக்கும்.