பிள்ளைப்பேறு பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் இப்போது தெருவுக்கு நாலு பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மகளுக்கோ மருமகளுக்கோ டாக்டர் நாள் குறித்துவிட்டார் என்றதும் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை எல்லா வீட்டிலும் ஒரே பரபரப்புதான். மிளகாய்ப் பொடி அரைக்கிறார்கள், பிரசவ லேகியம் கிண்டுகிறார்கள், பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்குத் துணி மடிக்கிறார்கள். மகளுக்கும் மருமகளுக்கும் அங்கே போய்ப் பிரசவம் பார்த்து வந்தவள் என்று பெட்டி கட்டும்போது என்னையும் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை நாங்கள் எங்கெங்கே தடுமாறினோமோ அங்கேதான் இவர்களும் தடுமாறுகிறார்கள். பெட்டி முழுக்கப் பேரப்பிள்ளைக்கும் பெற்றவளுக்கும் சாமான் இருக்கிறது. கிளம்புகிறவரின் உடம்புக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால் பதில் வருவதில்லை.

பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், பெட்டியை எடை போடுங்கள் என்பதையெல்லாம் பக்கத்து வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரையும் ஊரையும் 'திருத்தி' எழுதுவது

நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது என்றால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயர் இடத்தில் வைத்துவிட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று போடுவார்கள். முதல் பெயர் இல்லை என்பதற்காக அவர்கள் போடும் குறி அது. பிழை என்று பதற வேண்டாம். டிக்கெட் போடும் பிள்ளைகள்தான் அப்பாவின் இனிஷியலை விரித்து, தாத்தா பெயரையும் சேர்த்து, அழகாக ஒரு முழுப்பெயர் உண்டாக்கிவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒன்று, டிக்கெட்டில் ஒன்று என்றால் மீனம்பாக்கம் கவுன்டரிலேயே நிறுத்துவார்கள்.

ஊர் விஷயமும் இப்படித்தான். நம் வயதுக்காரர்களின் பள்ளிச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருக்கும். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்து போனது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அதனால் வாலாஜாவில் பிறந்த ஒருவருக்கு ஒரு காகிதத்தில் வட ஆற்காடு, ஒன்றில் வேலூர், இன்னொன்றில் ராணிப்பேட்டை. விசா படிவமான டிஎஸ்-160-ல் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். இப்போதைய மாவட்டம் இதுதானே என்று நீங்களாக மாற்றாதீர்கள்.

நேர்காணலில் மனப்பாடம் ஒப்பிப்பது

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தமிழிலேயே பேசலாம். கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொன்னால் போதும்: மகளுக்குப் பிரசவம், கூட இருந்துவிட்டு வரப் போகிறோம். "அவ வேலைக்குப் போய்டுவா, குழந்தையப் பாத்துக்க ஆளில்ல, அதான் போறோம்" என்று ஆரம்பித்தால், பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போகிறீர்களா என்ற கேள்வி எழும். சுற்றுலா விசாவில் வேலை செய்யக்கூடாது. அங்கே போய் இறங்கியதும் குடிவரவு அதிகாரியும் இதையே கேட்பார்.

மலிவான இன்சூரன்ஸ்

இதை மட்டும் விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்கு எரிச்சல் அடங்காத விஷயம் இது.

எங்கள் சம்பந்திக்குக் குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம். சுகரும் பிபியும் உண்டு. தலைப்பிரசவத்துக்கு அவர்கள்தான் போனார்கள். டிக்கெட் போட்ட ஏஜென்ட் இரண்டு பாலிசி காட்டியிருக்கிறார். இரண்டிலும் ஐம்பதாயிரம் டாலர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஒன்று விலை கம்மி. "ஆறு மாசம்தானே சார், இன்னா ஆவப் போவுது, இதே போதும்" என்று அவர் சொல்ல, இவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். மிச்சமானது ஓர் ஆரணிப் பட்டுப்புடவை விலை.

குழந்தை பிறந்து மூன்றாவது வாரம் ராத்திரி அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. என் மகன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போனான். இசிஜி, சில மணி நேரத்துக்கொரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன், ஒரு ராத்திரி கண்காணிப்பு. காலையில் இதயத்தில் ஒன்றுமில்லை, வயிற்றுக் கோளாறுதான் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஆஸ்பத்திரிக்கு ஒரு பில், பார்த்த டாக்டருக்குத் தனி பில், ஸ்கேனைப் படித்துச் சொன்னவருக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று. அங்கே அப்படித்தான், ஒரே ராத்திரிக்கு நாலு உறை வரும். இன்சூரன்ஸ்காரர்கள் கொடுத்ததோ அதில் ஒரு சிறு பங்கு. வீட்டுக்கு முன்பணமாக என் மகன் சேர்த்து வைத்திருந்தது இதில் போயிற்று.

பணத்தைவிடப் பெரிய கெடுதல் பின்னால் வந்தது. அன்றைக்குப் பிறகு சம்பந்தி தன் உடம்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருநாள் காலை சாப்பாடு தள்ளிப்போய் சுகர் இறங்கிவிட்டது. குழந்தை மடியில் இருக்கிறது. சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருக்கிறது, கை நடுங்குகிறது. மனுஷர் ஒன்றும் சொல்லாமல் சோபாவில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் எடுக்க வந்த என் மருமகள் தற்செயலாகப் பார்த்துச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாள். பில் வந்துவிடுமோ என்ற பயத்தில், கையில் பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு மயக்கத்தை மறைக்கும் நிலைக்கு ஒரு மனுஷரைக் கொண்டுபோய் விட்டது அந்த மலிவான காகிதம். இதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அவர் வாங்கியது ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகை கட்டிவைத்த பாலிசி. அவசர சிகிச்சைக்கு இத்தனை டாலர், ஸ்கேனுக்கு இத்தனை டாலர் என்று ஒரு பட்டியல் இருக்கும். பில் எவ்வளவு வந்தாலும் பட்டியலில் உள்ளதற்கு மேல் தரமாட்டார்கள். அந்த ஐம்பதாயிரம் எல்லாவற்றுக்கும் மொத்த உச்சவரம்பு மட்டுமே. இன்னொரு வகையான முழுப் பாதுகாப்புப் பாலிசியில், டிடக்டிபிள் என்ற முதல் தொகையை நாம் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு பல பாலிசிகளில் முதல் 5,000 டாலர் வரை 80 சதவீதம் அவர்கள் தருவார்கள், 20 நம்முடையது. அதற்கு மேல் உச்சவரம்பு வரை முழுவதும் அவர்கள் பொறுப்பு. நான் யார் கேட்டாலும் இந்த இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்கிறேன்.

வாங்கும் முன் நாலு விஷயம் கேளுங்கள். சுகர், பிபி போல முன்பே உள்ள நோய்களுக்கான வழக்கமான வைத்தியம் பெரும்பாலும் சேராது. ஆனால் அந்த நோய் திடீரென்று முற்றினால் ஏற்கும் பிரிவு சிலவற்றில் உண்டு. உடனே, பொதுவாக 24 மணி நேரத்துக்குள், சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இருக்கும். பொறுத்துப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் கழித்துப் போனால் கைவிரித்துவிடுவார்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு உச்சவரம்பு பல பாலிசிகளில் இறங்கிவிடும், அதனால் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியாகப் பாருங்கள். நம் நாட்டில் வாங்கும் பாலிசியில் 60 வயதுக்கு மேல் அறை வாடகை, அறுவை சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். மகள் வீட்டருகே எந்த ஆஸ்பத்திரிகள் அவர்கள் பட்டியலில் உள்ளன என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.

"பையன் கம்பெனி இன்சூரன்ஸ் கீது, அதுல பாத்துக்கலாம்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அது அவன் மனைவி, பிள்ளைகளுக்கு. பார்க்கப் போகும் அப்பா அம்மாவுக்குச் சேராது.

காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு, வெட்டுக்காயம் என்றால் 'அர்ஜென்ட் கேர்' என்று சிறிய கிளினிக்குகள் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவைவிடச் செலவு மிகக் குறைவு. நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் என்றால் யோசிக்காமல் 911 என்ற அவசர எண்ணுக்குப் போன் போடுங்கள். காசு இருக்கிறதோ இல்லையோ அவசரப் பிரிவில் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1986-லிருந்து அங்கே சட்டம் இருக்கிறது. பில் வந்தால் உடனே கட்டிவிடாமல் எதெதற்கு எவ்வளவு என்று விவரப் பட்டியல் கேளுங்கள். லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரிகளில் இயலாதவர்களுக்குக் கட்டணக் குறைப்புத் திட்டம் இருந்தாக வேண்டும். கேட்டால்தான் சொல்வார்கள், அதனால் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

பல்லைப் பார்க்காமல் போவது

பல் வைத்தியம் பெரும்பாலும் அந்த இன்சூரன்ஸில் வராது. ஆடும் பல், பாதியில் நிற்கும் வேர் சிகிச்சை எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிடுங்கள். கண்ணாடி இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையைப் பெரிய பெட்டியில் போடுவது

கைப்பையில் வையுங்கள். அட்டையைப் பிரிக்காமல், ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டோடு. 90 நாளுக்கு மேற்படாத அளவு என்பது அவர்கள் வழிகாட்டல். ஆறு மாதம் தங்குகிறவர்கள் மீதிக்கு என்ன செய்வதென்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். சிஎம்சியில் பார்ப்பவரானாலும் தெருமுனை டாக்டரானாலும், மருந்தின் மூலப்பெயரோடு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். நம் கம்பெனிப் பெயர்கள் அங்கே யாருக்கும் தெரியாது. பாராசிட்டமாலையே அங்கே அசெட்டமினோஃபென் என்கிறார்கள்.

கறிவேப்பிலை, கொப்பரை, கசகசா

மூன்றும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையில் வரும் பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் என்று அங்கே தடை. கொப்பரை எளிதில் தீப்பிடிக்கும் என்று நம் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். கசகசா துபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்களைச் சிறைக்கே அனுப்பக்கூடியது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. மசாலாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் எடுத்து வையுங்கள். கர்ப்பிணி ஆசைப்பட்டாள் என்று இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைத் துணியில் சுற்றி வைத்த ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆசை புரிகிறது, ஆனாலும் பச்சைக் காய்கறி கூடாது. விமான நிலையத்தில் மோப்ப நாய் வந்து பெட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிடும். சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் அபராதம்.

நம் பக்குவத்தை அப்படியே நடத்துவது

இதில்தான் மகளுக்கும் அம்மாவுக்கும் மனஸ்தாபம் வருகிறது. குழந்தையைத் தலையணை, போர்வை எதுவும் இல்லாமல், தனித் தொட்டிலில், மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும் என்பார்கள். 1990-களில் அங்கே இதை ஓர் இயக்கமாகவே நடத்தினார்கள். அதற்குப் பிறகு தூக்கத்திலேயே இறந்துபோகும் சிசுக்கள் வெகுவாகக் குறைந்தன. தூளி கட்ட இடம் தேடாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவ வேண்டாம், அதில் இருக்கக்கூடிய கிருமி சிசுவின் நரம்பைத் தாக்கும். கண்மையில் ஈயம் கலந்திருக்கக்கூடும், அதுவும் வேண்டாம். குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணி போட்டால் கூரையில் உள்ள புகைக் கருவி அலறும். சில அடுக்குமாடிகளில் தீயணைப்பு வண்டியே வந்து நிற்கும்.

எண்ணெய் தேய்ப்பது, தாலாட்டு, பூண்டுக் குழம்பு, ராத்திரி இரண்டு மணிக்கு அழும் பிள்ளையை வாங்கிக்கொண்டு பெற்றவளைத் தூங்கவிடுவது: இவற்றுக்கு எந்த டாக்டரும் தடை சொல்வதில்லை. லேகியத்தில் என்னென்ன போட்டீர்கள் என்று மட்டும் எழுதி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், பால் கொடுக்கிறவள் அல்லவா.

பத்து வருஷ விசா என்றால் பத்து வருஷம் தங்கலாம் என்று நினைப்பது

இல்லை. தங்கும் காலம் ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் இருக்கும், பெரும்பாலும் ஆறு மாதம். இறங்கிய அன்றே மகளை இணையத்தில் பார்க்கச் சொல்லித் தேதியைக் குறித்துவையுங்கள். அதைத் தாண்டினால் விசா செல்லாது. 180 நாளுக்கு மேல் தாண்டித் திரும்பினால் மூன்று வருஷமும், ஒரு வருஷத்தைத் தொட்டுவிட்டால் பத்து வருஷமும் உள்ளே விடமாட்டார்கள்.

இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து போவது

வேண்டாம். ஒருவர் திரும்பும் வாரத்தில் மற்றவர் போங்கள்.

நவம்பரை மறப்பது

மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். போவதற்கு முன்பே 'ஜீவன் பிரமாண்' செயலியில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யப் பழகிக்கொள்ளுங்கள். வங்கி ஓடிபி வரும் சிம்மை ரோமிங் போட்டு உயிரோடு வைத்திருங்கள்.

சக்கர நாற்காலிக்கு வெட்கப்படுவது

"நல்லாத்தானே நடக்கிறேன், இன்னாத்துக்கு அது" என்கிறார்கள். விமானம் மாறும் இடத்தில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு அரை மணி நேரம்கூட நடக்க வேண்டியிருக்கும். அறிவிப்பு புரியாது, கால் வீங்கியிருக்கும். நாற்காலி கேட்டால் தள்ளிக்கொண்டு வரும் ஆள் சோதனை, குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது எல்லாவற்றுக்கும் கூடவே வருவார். டிக்கெட் போடும்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள், கிளம்பும் நாளில் கேட்டால் காத்திருக்க வேண்டிவரும்.