குற்றாலச் சாரலில் ஸ்பாவும் விருந்தும்: முதல்முறை தங்குபவர்களுக்குப் படிப்படியாக

குற்றாலம், தென்காசி, அம்பாசமுத்திரம், பாபநாசம் என்று மலையடிவாரம் நெடுகத் தங்கும் இடங்கள் இருக்கின்றன. எண்ணெய்த் தேய்ப்பு, நீராவி, ஒவ்வொரு தட்டாக வரும் பல சுற்று விருந்து எல்லாம் சேர்ந்த ரிசார்ட்டை முதல்முறை தேடுபவர்கள் பெரும்பாலும் அறையின் படத்தைப் பார்த்துத்தான் புக் செய்கிறார்கள். உண்மையில் அந்த நாட்கள் நன்றாக அமைவது, வயிறு எப்போது நிறைந்திருக்கிறது, எப்போது காலியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மசாஜ் மேஜையில் குப்புறப் படுத்தால் நெஞ்சைக் கரிக்கும். நீராவியில் வியர்த்து வந்த கையோடு விருந்தில் உட்கார்ந்தால் பாதிகூட உள்ளே இறங்காது.

அதனால் நாங்கள் சொல்லும் வரிசை இது: முதல் நாள் இரவு விருந்து, இரண்டாம் நாள் காலை எண்ணெய், மூன்றாம் நாள் மதியம் சொதி என்னும் தேங்காய்ப்பால் குழம்பு. இதற்கு இரண்டு இரவு வேண்டும். ஒரே இரவில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். அருவியில் தண்ணீர் இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், வாடகையும் கூட்டமும் ஏறியிருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து வடகிழக்குப் பருவமழை. திடீர் வெள்ளத்தால் அருவியில் குளிக்க அடிக்கடி தடை போடுவார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அருவி முக்கியமில்லை, அமைதியும் சிகிச்சையும் போதும் என்றால் பிப்ரவரி நல்ல மாதம். சனி, ஞாயிறை விட்டு செவ்வாய், புதன் தங்கினால் இன்னும் நல்லது.

படி 2: புக் செய்யுமுன் கேட்க வேண்டியவை

போனில் பேசியே புக் செய்யுங்கள். உணவுத் திட்டம் எது என்பதை முதலில் கேளுங்கள். ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் காலை டிபன் சேர்த்தி. எம்.ஏ.பி. என்றால் காலையுணவோடு இன்னொரு வேளைச் சாப்பாடு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்: எம்.ஏ.பி.யில் வரும் இரவுச் சாப்பாடு பல இடங்களில் பஃபே மட்டும்தான். பல சுற்று விருந்துக்குத் தனிக் காசு. ‘எங்கள் திட்டத்தில் அந்த விருந்து உண்டா?’ என்று கேட்டு, பதிலை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினால் 18%. 7,500 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,875 கொடுப்பீர்கள். 8,000 ரூபாய் அறைக்கு 9,440. வாடகையில் 500 ரூபாய் வித்தியாசம், கையிலிருந்து போவதோ 1,565 ரூபாய் கூடுதல். விலை உயர்ந்த அறைகள் உள்ள ஓட்டல்களில் சாப்பாட்டுக்கும் 18% வரும்.

சென்னையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் காலையிலேயே தென்காசியில் இறக்கிவிடும்; அறை கிடைப்பது மதியம் 12 அல்லது 2 மணிக்கு. நடுவில் குளிக்க, பெட்டியை வைக்க இடம் தருவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். விமானத்தில் வருபவர்களுக்குத் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் பக்கம். அங்கிருந்து திருநெல்வேலி வந்து, நெல்லையிலிருந்து தென்காசிக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: உடம்பு நிலையைச் சொல்லுங்கள்

போய்ச் சேர்ந்த அன்று மாலையே வைத்தியரைப் பார்க்க நேரம் கேளுங்கள். காய்ச்சல், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதய நோய், காலில் புடைத்த நரம்பு எதையும் மறைக்கக் கூடாது. காலில் ரத்தம் உறைந்திருப்பவர்களுக்கு மசாஜ் ஆபத்து. உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். இன்சுலின் போடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். சூடு பட்டால் இன்சுலின் வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். எள் ஒவ்வாமை இருந்தால் மசாஜுக்குத் தேய்க்கும் தான்வந்தரம் தைலமும் ஆகாது, அதன் அடிப்படையே நல்லெண்ணெய்தான். சந்தேகமிருந்தால் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சொட்டுத் தடவி, மறுநாள் காலை வரை பாருங்கள்.

படி 4: முதல் இரவு, விருந்து

ஐந்து முதல் ஏழு சுற்று, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். எட்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். மதியம் பாதிச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் முடிவில் வயிறு நிறைந்துவிடும். முதலில் வரும் ரொட்டி, வெண்ணெயிலேயே பசியாறிவிட வேண்டாம்.

சைவர்கள் ஒரு நாள் முன்பே சொல்வது நல்லது. ‘வெஜ்’ என்று மட்டும் சொன்னால் போதாது. சூப்பில் கோழி எலும்பு வேகவைத்த நீர், இனிப்பில் ஜெலட்டின், சில சீஸ் வகைகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் என்று கண்ணுக்குத் தெரியாமல் அசைவம் வரும். பன்னா கோட்டா என்ற இனிப்பில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். முட்டை ஆகுமா ஆகாதா என்பதையும் தனியாகச் சொல்லுங்கள்.

மேஜையில் வரிசையாக இருக்கும் கத்தி, முள்கரண்டிகளைப் பார்த்துப் பதற வேண்டாம். வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே நகருங்கள். பேச்சுக்காக நிறுத்தினால் இரண்டையும் தட்டில் கூரைபோலச் சாய்த்து வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இணையாக வைத்தால், இலையை மூடியதற்குச் சமம். பரிமாறுபவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கை துடைக்கும் துண்டு மடியில் இருக்கட்டும், நடுவில் எழுந்தால் நாற்காலியில் வையுங்கள். எலுமிச்சை மிதக்கும் கிண்ணம் விரல் கழுவ. கையால் சாப்பிடுவது வசதியென்றால் தயங்காமல் சாப்பிடுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மது வேண்டாம் என்பது எங்கள் கருத்து. உடம்பில் நீர் வற்றும். மறுநாள் நீராவியில் தலை சுற்றும்.

படி 5: இரண்டாம் நாள், எண்ணெய்

காலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி, ஒரு டம்ளர் வெந்நீர். சிகிச்சை ஒன்பதரைக்கு. இடையில் இரண்டு மணி நேரமாவது போக வேண்டும். வெறும் வயிறாகவும் போகக் கூடாது.

நகையை அறை லாக்கரில் வையுங்கள். தாலியைக் கழற்ற விருப்பமில்லாதவர்கள் முன்பே சொல்லிவிட்டால், கழுத்துப் பக்கம் பார்த்துத் தேய்ப்பார்கள். பெண்களுக்குப் பெண், ஆண்களுக்கு ஆண்தான் தேய்க்க வேண்டும் என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஒருமுறை மட்டும் அணிந்து எறியும் உள்ளாடை தருவார்கள். முடிந்தபின் போட்டுக்கொள்ளப் பழைய பருத்தித் துணி கொண்டுபோங்கள், எண்ணெய்க் கறை போகாது.

முழுத் தேய்ப்பு 45 முதல் 60 நிமிடம். முதலில் ‘லேசாக’ என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து வேண்டுமானால் அழுத்தத்தைக் கூட்டச் சொல்லலாம். வலியைப் பொறுத்துக்கொண்டால்தான் பலன் என்று நினைத்துப் பல்லைக் கடித்தால் மறுநாள் உடம்பு கன்றிப்போகும். எண்ணெய் சுட்டால் உடனே சொல்லுங்கள்.

மேஜையிலிருந்து சட்டென்று எழாதீர்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்து, உள்ளங்காலைத் துடைக்கச் சொல்லி, பிறகு நில்லுங்கள். எண்ணெய்க்காலோடு டைல்ஸில் வைக்கும் முதல் அடியிலேயே வழுக்கி விழக்கூடும்.

நீராவிப் பெட்டியில் தலை வெளியே இருக்க வேண்டும், உச்சியில் ஈரத்துணி. முதல்முறைக்குப் பத்து நிமிடம் போதும். நெஞ்சு படபடத்தாலோ கண் இருட்டினாலோ நேரம் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

குளியலில் பலர் செய்யும் தவறு, முதலில் தண்ணீரை ஊற்றுவது. எண்ணெய் மேல் நீர் ஒட்டாது, மாவும் திரண்டு வழுக்கும். நாலைந்து கரண்டிப் பயற்றமாவை உலர்ந்தபடியே உடம்பில் தேய்த்து, எண்ணெயை அது உறிஞ்சியபின் வெந்நீர் ஊற்றுங்கள். தலைக்குச் சீயக்காயோ அரப்போ இரண்டு தடவை போட வேண்டும்; தலைக்கு ஊற்றும் நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஏசியை நிறுத்திவிட்டுத் தலையை உலர்த்துங்கள்.

அன்று மதியம் மிளகு ரசம், சோறு, வெந்த காய். தயிர், ஐஸ் வேண்டாம், பகல் தூக்கமும் வேண்டாம் என்பது நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லும் பத்தியம்தான். அன்றைக்கு அப்படியே இருந்து பாருங்கள். இரவு எட்டு மணிக்குள் இடியாப்பம் போல எதையாவது சாப்பிட்டுப் படுத்துவிடலாம்.

படி 6: மூன்றாம் நாள், அருவியும் பில்லும்

தடை இல்லையென்றால் விடிந்ததும் அருவிக்குப் போங்கள். எண்ணெய் தேய்த்த அன்றே போகக் கூடாது. பாறையில் கால் நிற்காது, அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடையும் இருக்கிறது. திரும்பி வந்து பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்து, பெட்டியை வரவேற்பறையில் கொடுத்துவிடுங்கள்.

பில்லில் அறை, சாப்பாடு, ஸ்பா மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லலாம்; 2022-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய நெறிமுறைப்படி அது கட்டாயமில்லை. டிப்ஸ் தருவதானால், நன்றாகத் தேய்த்துவிட்டவர் கையில் நேரே கொடுங்கள்.

படி 7: மதியம், சொதி

நெல்லைச் சீமைக்கு வந்து சொதி சாப்பிடாமல் போகக் கூடாது. முந்தின இரவே சமையற்காரரிடம் சொல்லி வையுங்கள். தேங்காய்ப்பால் அன்றன்று பிழிய வேண்டும். காய்கள் மூன்றாம், இரண்டாம் பாலில் வேகும், வெந்த பாசிப்பருப்பு சேரும், முதல் பால் கடைசியில்தான். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தாலும் அப்படித்தான். மேலே எண்ணெய் பிரிந்து, அடியில் திப்பி திப்பியாக இருந்தால் அது திரிந்த சொதி, அல்லது பஃபேயில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே இருந்த சொதி. அதனால் பஃபேயில் எடுக்காமல், அடுப்பிலிருந்து நேரே இலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூடவே உருளைக்கிழங்கு வறுவலும் இஞ்சித் துவையலும் கட்டாயம் வேண்டும். தேங்காய்ப்பாலின் கனத்துக்கு ஈடுகொடுப்பது அந்த இஞ்சிதான். துவையல் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.